டாங்கை நிரப்பி வண்டியை விடுங்கள்

போன ஆயுத பூஜைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஸ்பேனரைக் கீழே வைத்து ஆறு வருஷமாகிறது. ஆனாலும் இலை போடும்போது என்னை மறப்பதில்லை. சாப்பாடு முடிந்து பேச்சு சூடுபிடித்த நேரத்தில் ஒரு இளம் மெக்கானிக் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: அந்தக் காலத்து மெக்கானிக்குகளில் பாதிப் பேர் பெட்ரோல் திருடர்கள், அதனால்தான் வண்டிக்காரர்கள் காலி டாங்கோடு வண்டியைக் கொண்டுவந்து விட்டார்கள், இப்போது கம்ப்யூட்டரை மாட்டினால் கோளாறு தானாகச் சொல்லிவிடுகிறது. கொல்லென்று சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

காலி டாங்க் விஷயம் உண்மை. ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க, பங்கிலிருந்து ஒர்க்‌ஷாப் வரை வந்து சேர எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் ஊற்றுவார்கள். சில வண்டி தெருமுக்கிலேயே நின்றுபோய் தள்ளிக்கொண்டு வந்ததும் உண்டு. குழாயை விட்டு உறிஞ்சி எடுத்த கைகளும் எங்கள் தொழிலில் இருந்தன, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சந்தேகத்தால் என்ன நடந்தது என்று சிரித்தவர்களுக்குத் தெரியாது. அதை அங்கேயே சொன்னபோது, "எழுதித்தான் குடுங்களேன்" என்றார்கள். எழுதிவிட்டேன். முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும்.

எனக்குச் சொந்த ஊர் கான்சாபுரம். பத்தாவதில் கோட்டை விட்டுவிட்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன். முதல் இரண்டு வருஷம் டீசலில் நட்டு போல்ட்டு கழுவினேன். மூன்றாவது வருஷம் சக்கரத்தைக் கழற்ற விட்டார்கள். ஐந்தாவது வருஷம் இன்ஜினைத் திறந்தேன். எல்லோரும் பட்ட பாடுதான், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஒர்க்‌ஷாப் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். பெயர் சங்கரலிங்கம். கிரீஸும் கரியுமாகக் கிடக்கும் அந்தத் தகரக் கொட்டகையில் அவர் வேட்டி மட்டும் பளிச்சென்று இருக்கும். திட்ட மாட்டார், கை ஓங்க மாட்டார். வேலை முடிந்ததும் இடுப்பிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து இன்ஜினுக்கு அடியில் ஒரு துடை துடைப்பார். துணியில் பொட்டுக் கறை பட்டாலும் அதை என் முன்னால் பானட்டில் விரித்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தொழிலில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, இதை இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். அவரிடம் ஒரே ஒரு கெட்ட குணம். ஒர்க்‌ஷாப் மேல் தப்பு என்று யாரும், எந்த நிலையிலும், சொல்லக் கூடாது. வாசலைத் தாண்டிய வண்டியில் எது கெட்டாலும் அது ஓட்டினவன் தப்பு. இதுதான் அவருடைய சட்டம்.

அந்த ஊரில் பேண்டேஜ் துணி நெய்கிற ஃபேக்டரி ஒன்று வைத்திருந்தார் கோபால்சாமி என்கிற முதலாளி. அவரிடம் ஒரு பழைய அம்பாசிடர். எண்பதுகளின் கடைசியில் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின நாள் அது எங்களிடம் வந்தது. டிக்கிக்குள் ஒரு அட்டை மறைப்புக்குப் பின்னால், பெட்ரோல் ஊற்றுகிற வாயிலிருந்து டாங்குக்குப் போகும் இரும்புக் குழாயையும் டாங்கையும் ஒரு சாண் நீள ரப்பர் ஹோஸ் இணைக்கும். அது வெடித்திருந்தது. மாற்று ஹோஸ் மதுரையில்தான் கிடைக்கும். விடிந்தால் மாப்பிள்ளை அழைப்பு. அண்ணாச்சி யோசித்துவிட்டு, தண்ணீர் மோட்டாருக்குப் போடுகிற ஹோஸில் ஒரு துண்டு வெட்டி மாட்டச் சொன்னார். அது ஒரு நூல் அளவு லூசாக இருந்தது. மேலே பேண்டேஜ் துணியைச் சுற்றி, கேஸ்கட்டுக்குப் பூசுகிற ஷெல்லாக் பசையைத் தடவி, கம்பியால் இறுக்கச் சொன்னார். துணிக்கா பஞ்சம், முதலாளி காரிலேயே சுருள் சுருளாகக் கிடந்தது. எங்கள் ஊரில் எது உடைந்தாலும் முதலில் கை போவது பேண்டேஜ் துணிக்குத்தான். கட்டினேன். இரண்டு நாளில் கொண்டுவாருங்கள், ஒழுங்கான ஹோஸ் போட்டுவிடலாம் என்று சொல்லி அனுப்பினோம். கல்யாணம் முடிந்தது, வண்டி ஓடியது, யாரும் திரும்பிக் கொண்டுவரவில்லை. எங்களுக்கும் மறந்துபோயிற்று. அந்த மறதிக்கு நான் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

அதற்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து, தொண்ணூறுகள் பிறந்த சமயம், அந்த வண்டிக்குப் புது டிரைவராக அருளப்பன் வந்தார். மம்சாபுரத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்ட அதே வெள்ளைச் சட்டையைத் துவைத்துத் துவைத்து வாரம் முழுக்கப் போடுவார். வண்டியில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று மூன்று தடவை எங்களிடம் கொண்டுவந்தார். மூன்று தடவையும் முதலாளி உத்தரவுப்படி டாங்க் காலி. டாங்கின் அடியில் இரண்டு லிட்டர் கிடக்கும்போது மேலே இருக்கிற ஹோஸ் எப்படி ஒழுகும்? நாங்கள் முன்னால் இருக்கிற கார்புரேட்டரைத் திறந்து, மிதவையைச் சரிசெய்து அனுப்பினோம். டிக்கியைத் திறந்து அட்டையைக் கழற்றிப் பார்க்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மதுரைக்குப் போவதற்காக முதலாளி டாங்கை நிரப்பினால் மட்டும் மறுநாளே பெட்ரோல் குறைந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. அப்படியானால் பெட்ரோல் எங்கே போகும்? டிரைவர் வீட்டுக்குத்தானே போகும்.

ஒரு சாயங்காலம் ஷிப்ட் மாறுகிற நேரத்தில், ஃபேக்டரி வாசலில், உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் நிற்கும்போது முதலாளி அவரிடம் சாவியைப் பிடுங்கினார். டிக்கியைத் தினமும் துடைக்கிற மனிதர் சட்டையில் பெட்ரோல் வாடை அடித்ததாம், அதுதான் சாட்சி. "உன் மேலயே வாடை வருதே, திருடா" என்று சொல்லியிருக்கிறார். தறியில் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் மம்சாபுரம். அருளப்பன் வீடு போய்ச் சேருவதற்குள் அந்த வார்த்தை போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் மனைவி தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போவதை நிறுத்திவிட்டார்.

மறுவாரம் அவர் ஒர்க்‌ஷாப்புக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரவில்லை. என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"பரமசிவம், எனக்கு வேலை வேண்டாம்ப்பா. டாங்க் நிறையா ஊத்தி ஒரு தடவ, ஒரே ஒரு தடவ பாரு. நான் எடுக்கல."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இவ்வளவு நாள் மூளையை எங்கே வைத்திருந்தேன் என்று என் மேலேயே ஆத்திரம். அண்ணாச்சியிடம் சொன்னேன். நமக்கெதுக்கு என்று திரும்பிக்கொண்டார். அதனால் அவரிடம் கேட்காமலே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனேன்.

டாங்கை நிரப்பி ஒரு நாள் பூரா வண்டியை விடுங்கள் என்றதும் கோபால்சாமி முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு திருடனுக்காக இன்னொரு திருடன் வந்திருக்கிறானா என்று கேட்டார். சுருக்கென்றது. ஆனாலும் நான் நகரவில்லை. வண்டி உங்கள் முற்றத்திலேயே நிற்கட்டும், சாவி உங்களிடம் இருக்கட்டும், மூடிக்கு உங்கள் கையாலேயே சீல் வையுங்கள், நான் வண்டியைத் தொடவே மாட்டேன் என்றேன். சீல் என்றதும் அவருக்கு ஒரு பிடி கிடைத்தது போலிருந்தது. துணி மூட்டையை வெளியூர் அனுப்பும்போது கட்டி அரக்கு வைத்து முத்திரை குத்துவார்கள், அது அவருக்குப் பழக்கமான விஷயம்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்குப் பெட்ரோல் வாய் விளிம்பில் தளும்புகிறவரை ஊற்றினோம். மூடியைப் போட்டு, நாடாவால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, அரக்கை உருக்கி ஊற்றி, முதலாளி தன் கையால் முத்திரை குத்தினார். வண்டியை அது வழக்கமாக நிற்கிற சரிவிலேயே, குழாய் இருக்கிற பக்கம் தாழ நிறுத்தச் சொன்னேன். வெயில் ஏறட்டும் என்றேன். பங்கில் பெட்ரோல் பூமிக்கடியில் குளுமையாகக் கிடப்பது, வெயிலில் நின்றால் உப்பிக்கொண்டு மேலே ஏறும். நானும் அருளப்பனும் எதிரே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். அவர் பகல் முழுக்க ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. தறிச் சத்தம் நிற்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பயம்தான். சீல் அப்படியே இருந்து பெட்ரோலும் அப்படியே இருந்தால், அருளப்பன் திருடன் என்று முத்திரை குத்தின ஆளாக நானே ஆகியிருப்பேன்.

மத்தியானத்துக்கு மேல் விஷயம் கேள்விப்பட்டு அண்ணாச்சி வந்து சேர்ந்தார். முதலாளி பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு முதலாளி முத்திரையைக் குனிந்து பார்த்தார். ஒரு கீறல் இல்லை. உடைத்து மூடியைத் திறந்தார். தளும்பி நின்ற பெட்ரோல் கண்ணுக்குத் தெரியவில்லை. லிட்டர் குவளையால் அளந்து மறுபடி விளிம்புவரை ஊற்றினோம். இரண்டரை லிட்டர் பிடித்தது. பூட்டின வண்டி, சீல் வைத்த மூடி, எதிரே இத்தனை கண்கள். அருளப்பன் எழுந்து நின்று அழுதார்.

டிக்கியைத் திறந்து, விளிம்பில் மறைத்திருந்த அட்டையைக் கழற்றினேன். குழாயைச் சுற்றிக் கருத்த பேண்டேஜ் துணி. அன்றைய பெட்ரோலில் நிறம் கலந்திருப்பார்கள், அந்த ஆரஞ்சுச் சாயம் துணியின் மேல்சுற்றில் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. ஷெல்லாக் வெடித்துப்போய், துணி விளக்குத் திரி மாதிரி பெட்ரோலை உறிஞ்சி, கீழே கிடந்த சணல் விரிப்புக்குக் கொடுத்திருக்கிறது. விரிப்பிலிருந்து அது காற்றோடு போய்விட்டது. தரையில் எப்படிச் சொட்டும்? சுற்றிலும் பஞ்சும் துணியுமாக இருக்கிற ஃபேக்டரி முற்றத்தில், ஒரு பீடி நெருப்பு விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"யார் கட்டுனது இது?" என்று கேட்டார் முதலாளி.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி பதில் சொல்லிவிட்டார். "டிரைவர் வேலைதான். ஒழுகுறத மறைக்கக் கட்டியிருப்பான். எங்க ஒர்க்‌ஷாப்புல இப்படிக் கட்ட மாட்டோம்."

என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். பத்து வருஷம் சோறு போட்ட கை. வீட்டில் எனக்குக் கைக்குழந்தை. பேசாமல் இருந்தால் புது ஹோஸை மாட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். அருளப்பன் மட்டும் திருடன் என்ற பெயர் போய் ஏமாற்றுக்காரன் என்ற பெயரோடு போவார். என்னால் முடியவில்லை.

"நான் கட்டுனது முதலாளி. ஒங்க வீட்டுக் கல்யாணத்துக்கு மொத நாளு. அண்ணாச்சி சொன்னாக, நான் கட்டுனேன். அருளப்பண்ணன் அப்ப இங்க வேலைக்கே வரல."

முதலாளி நம்பவில்லை. அவனைக் காப்பாற்ற நீ பழியை ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்டார். நான் ஒரு துண்டுக் கம்பியை எடுத்தேன். நான் இடது கைக்காரன். மற்றவர்கள் கம்பியை முறுக்கினால் ஒரு பக்கம் சுற்றும், நான் முறுக்கினால் எதிர்ப்பக்கம். அவர் கண் முன்னால் முறுக்கி, குழாயில் இருந்த முறுக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே பக்கம். பிறகு ஃபேக்டரி ஃபிட்டரை ஒன்று முறுக்கச் சொன்னேன். அது மாறி நின்றது. தொழிலில் ஒரு பொருளை ஆயிரம் தடவை தொட்டவன் கை பொய் சொல்லாது, அன்றைக்கு என் கை என்னைக் காட்டிக்கொடுத்தது. அதில் எனக்கு ஒரு கர்வம்தான்.

அண்ணாச்சி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "ஏலே, நாளைல இருந்து நீ வர வேண்டாம்" என்றார். குரல் உயரவே இல்லை. நான் கொண்டுவந்திருந்த டூல்ஸ் பை ஒர்க்‌ஷாப்புடையது. அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போகட்டும் என்று இருந்துவிட்டேன். என் கை செய்த தப்பை என் கைதான் சரிசெய்ய வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். வேறு மெக்கானிக்கைக் கூப்பிடுகிறேன் என்றார். கூடாது என்றேன். விடியற்காலை பஸ்ஸில் மதுரை போய், பெட்ரோலுக்கென்றே செய்த ஹோஸும் நாலு கிளிப்பும் வாங்கிக்கொண்டு மத்தியானம் வந்து சேர்ந்தேன். ஃபிட்டரிடம் ஸ்பேனர் கடன் வாங்கினேன்.

இளம் மெக்கானிக்குகள் இந்த இடத்தை மட்டுமாவது கவனித்துப் படியுங்கள். முதலில் பேட்டரி எர்த் ஒயரைக் கழற்றினேன். வண்டியைத் தறிக் கூடத்தை விட்டுத் தள்ளி, காற்று வீசுகிற திறந்த வெளியில் நிறுத்தினேன். பல்பு விளக்கைக் கிட்டே கொண்டுவரவில்லை, ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து வெயிலை உள்ளே அடிக்கவிட்டேன். பெட்ரோலை கேனில் இறக்கி மூடி, தூரத்தில் வைத்தேன். கம்பியை வெட்டி, பேண்டேஜை உரித்து, நான் மாட்டியிருந்த தண்ணீர் ஹோஸை இழுத்தேன். பெட்ரோலில் ஊறி ஊறிப் பால்பணியாரம் மாதிரி உப்பி, விரல் பட்டதும் பிய்ந்தது. அதை முதலாளி கையிலேயே கொடுத்தேன். பார்க்கட்டும் என்றுதான் கொடுத்தேன்.

இரும்புக் குழாயின் முனையை எமரித் தாளால் துரு போகிறவரை தேய்த்தேன். விரலை உள்ளே விட்டுச் சுற்றித் தடவி, ஊசித் துளை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. டாங்க் மூச்சு விடுகிற சின்னக் குழாயை வாய் வைத்து ஊதினேன், குளவி கட்டின மண் அடைத்திருந்தது, அதையும் எடுத்தேன். மூச்சு அடைத்தால் வெயிலில் உப்புகிற பெட்ரோல் ஹோஸைத்தான் நெருக்கும். புது ஹோஸை இரண்டு பக்கமும் இரண்டு விரல்கடை ஏற்றி, முனைக்கு இரண்டு கிளிப், திருகுகள் எதிரெதிராக. ரப்பர் பிதுங்குகிறவரை இறுக்கக் கூடாது, அறுத்துவிடும். பிறகு சுண்ணாம்பைக் குழைத்து மூட்டைச் சுற்றிப் பூசிக் காயவிட்டேன். தளும்பத் தளும்பப் பெட்ரோலை ஊற்றி, வண்டியைச் சரிவில் நிறுத்தி, ஆறு பேர் சேர்ந்து குலுக்கினோம். ஒரு துளி கசிந்தாலும் வெள்ளைச் சுண்ணாம்பில் நனைந்த வட்டம் தெரிந்துவிடும். இரண்டு மணி நேரம் நானும் முதலாளியும் டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். சுண்ணாம்பு வெள்ளையாகவே இருந்தது. இதைச் சொல்ல இன்னும் ஒரு கம்ப்யூட்டரும் வரவில்லை.

சாயங்காலம் ஷிப்ட் மாறுகிற சங்கு ஊதியது. முதலாளி சாவியை எடுத்து அருளப்பனிடம் நீட்டினார். நடந்தது நடந்துபோச்சு, நாளையிலிருந்து வழக்கம்போல வா என்று சொன்னார். அருளப்பன் கையை நீட்டவில்லை.

"வாசல்ல வச்சுச் சொன்னீக முதலாளி. வாசல்ல வச்சே இல்லைன்னு சொல்லுங்க. பொறவு வாங்கிக்கிடுதேன்."

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. இனி இந்த ஆளுக்கு வேலை இல்லை என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். உள்ளே போகிறவர்களும் வெளியே வந்தவர்களும் நின்றார்கள். அருளப்பன் பெட்ரோல் எடுக்கவில்லை, குழாயில்தான் ஒழுகியிருக்கிறது, நான் சொன்னது தப்பு என்று சொன்னார். மண்ணைப் பார்த்துச் சொன்னார், முணுமுணுப்பாக.

"பின்னால நிக்கவங்களுக்குக் கேக்கல முதலாளி" என்றார் அருளப்பன்.

அதைச் சொன்ன குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. முதலாளி தலையை நிமிர்த்தினார். இரண்டாவது தடவை சொன்னபோது சாலைக்கு எதிரே டீக்கடையில் நின்றவர்கள் வரை திரும்பிப் பார்த்தார்கள். மம்சாபுரத்துப் பெண்கள் சிலர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அருளப்பன் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வண்டியிலேயே வீட்டில் இறக்கிவிடச் சொல்கிறேன் என்றார் முதலாளி. டவுன் பஸ்ஸும் அந்நேரம் வந்து நின்றது. அருளப்பன் இரண்டையும் வேண்டாமென்றார்.

"இன்னைக்கு நடந்தே போறேன். வழில எல்லாரும் பாக்கட்டும்."

தறிக்காரர்கள் முன்னும் பின்னுமாக வர, அவர் மம்சாபுரம் சாலையின் நட்டநடுவில் நடந்தார். நானும் கூடவே நடந்தேன். எனக்கும் அன்றைக்குப் போவதற்கு வேலை எதுவும் இல்லை.